வண்டியின் அடியில் ஓர் ஒற்றன்

2010-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் காலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த சாண்டா கிளாராவில் வசித்த இருபது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், என்ஜின் ஆயில் மாற்றுவதற்காகத் தம் காரை ஒரு வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் வழக்கம்போல் வண்டியை உயரத் தூக்கி நிறுத்தினார். பக்கத்தில் நின்ற மாணவரின் பார்வை தற்செயலாக வண்டியின் அடிப்பாகத்தில் விழுந்தது. பின்சக்கரத்துக்குச் சமீபத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அது என்னவென்று அவர் விசாரிக்க, மெக்கானிக் கையை விட்டு, காந்தத்தின் பிடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியைப் பிடுங்கி எடுத்துக் கொடுத்தார்.

மாணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர் அந்தக் கருவியின் படங்களை இன்டர்நெட்டில் வெளியிட்டார். விஷயம் தெரிந்தவர்கள், அது வண்டிகள் போகும் இடத்தைக் கண்டறியப் போலீஸார் உபயோகிக்கும் சாதனம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டொரு நாளில் மத்திய சர்க்காரின் துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ.யைச் சேர்ந்தவர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, தங்கள் சாமானைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார்கள். அவரும் கொடுத்துவிட்டார். அவர்மீது யாதொரு குற்றமும் சாட்டப்படவில்லை.

நேயர்களே! ஒற்று வைத்தவர்களே வந்து, "எங்கள் ஒற்றனைக் கொடு" என்று கேட்ட இந்தச் சம்பவத்தைப் படிக்கையில் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கணம் அந்த மாணவரின் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தோமானால் சிரிப்பு அடங்கிவிடும். எத்தனை நாளாக அந்தப் பெட்டி அங்கே இருந்தது? தாம் எந்தெந்த வீட்டுக்குப் போனோம், எந்த நண்பரைப் பார்த்தோம், எந்த நேரத்தில் திரும்பினோம் என்பதையெல்லாம் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார் என்று அறியும்போது மனம் எப்படி இருக்கும்?

ஒற்றர் விஷயம் நமக்குப் புதிதன்று. 1908-ஆம் வருஷத்தில் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று, 1918-இல் அவ்வூரை விட்டுக் கிளம்பும் வரையில், பிரிட்டிஷ் சர்க்காரின் ஒற்றர்கள் அவரையும் அவருடைய நண்பர்களையும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆயினும் அந்தக் காலத்து ஒற்றனுக்குக் கால் உண்டு, வயிறு உண்டு, வெயிலில் நின்றால் வியர்க்கும், பாதி ராத்திரியில் கண் சொருகும். அவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகையால் ஒரு சர்க்காரால்கூடச் சிலரைத்தான் தொடர முடிந்தது. இன்றைய ஒற்றனோ உள்ளங்கைக்குள் அடங்குகிறான். பசி, தூக்கம் ஒன்றும் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறான். அவனை ஏவுவதற்குச் சர்க்காராக இருக்க வேண்டும் என்ற அவசியமும் போய்விட்டது. சந்தேகப் புத்தியுள்ள கணவன், நிராகரிக்கப்பட்ட காதலன், சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளி, வண்டித் திருடன் ஆகிய எவனும் அவனை ஏவலாம்.

ஆகவே, கார் வைத்திருக்கும் குடும்பத்தார் இந்த ஒற்றனைப் பற்றிச் சிறிது தெரிந்து வைத்திருப்பது நல்லது. பீதி அடைய வேண்டியதில்லை. அவனுக்கு மூன்று தேவைகள் உண்டு. அந்த மூன்றையும் அறிந்துகொண்டால் அவனைத் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் சாத்தியமே.

ஒற்றனின் மூன்று தேவைகள்

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். என்னும் அமெரிக்க ஏற்பாட்டைச் சேர்ந்த செயற்கைக் கிரகங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்குக் குறைந்தது 24 கிரகங்கள் வேண்டும். முதல் கிரகம் 1978-இல் ஏவப்பட்டது. யுத்த காரியத்துக்காகத் தொடங்கியது, பிற்பாடு பொது ஜனங்களின் உபயோகத்துக்கும் வந்தது. நம் தேசமும் 2013-ஆம் வருஷம் முதல் 'நாவிக்' என்ற சொந்த ஏற்பாட்டுக்கான கிரகங்களை ஏவி வந்திருக்கிறது.

ஒவ்வொரு கிரகத்திலும் நேரம் தவறாத அணுக் கடிகாரம் இருக்கிறது. அது இடைவிடாமல் தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோ மூலம் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த அறிவிப்பு நம்மை வந்தடையச் சுமார் 0.07 விநாடி பிடிக்கிறது. காரில் உள்ள கருவி, நான்கு கிரகங்களின் அறிவிப்புகள் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று கணக்கிட்டு, தான் பூமியில் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்கிறது. கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும். அவ்வளவு நுட்பமான காரியம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவி வானத்திலிருந்து கேட்க மட்டுமே செய்கிறது. மேலே உள்ள கிரகத்துக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. கேட்டதை ஏவியவனிடம் சொல்ல வேண்டுமானால் இன்னொரு வழி வேண்டும். அதற்காகக் கருவிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. நம் செல்போனைப் போலவே அதுவும் பக்கத்திலுள்ள டவருடன் பேசிச் செய்தி அனுப்புகிறது.

இதிலிருந்து அவனுடைய முதல் தேவை தெளிவாகிறது: வானம். தடித்த இரும்புக்குள் முற்றிலும் மூடி வைத்தால் அவனுக்குக் காது கேட்காது, பேசவும் வராது. பிளாஸ்டிக், துணி, கண்ணாடி இவற்றின் பின்னால் இருந்தால் பாதகமில்லை. இரண்டாவது தேவை மின்சாரம். சொந்த பேட்டரி இருந்தால் அது சில நாட்களிலோ வாரங்களிலோ தீர்ந்துபோகும். அடிக்கடி செய்தி அனுப்பினால் சீக்கிரம் தீரும். இல்லையேல் நம் வண்டியின் பேட்டரியிலிருந்தே திருட வேண்டும். மூன்றாவது தேவை ஒரு மனிதனின் கை. எவ்வளவு சாமர்த்தியமான கருவியானாலும் தானாக நடந்து வந்து ஏறிக்கொள்ளாது. யாரோ வந்து வைக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் வர வேண்டும்.

வானம், மின்சாரம், கை. தேடுகிறவர்கள் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சின்னஞ்சிறு பொத்தான்

இந்த இலக்கணத்துக்குச் சிறிது புறம்பான ஓர் இனமும் உண்டு. 2021-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியார் 'ஏர்டேக்' என்னும் வட்டமான வில்லையை வெளியிட்டார்கள். குறுக்களவு 32 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 11 கிராம். கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற ஒரு வட்ட பேட்டரியில் ஒரு வருஷத்துக்கு மேல் உழைக்கும். சாவிக்கொத்து, பெட்டி முதலியவை தொலைந்துபோனால் கண்டெடுப்பதற்காகச் செய்யப்பட்ட சாமான் அது. நல்ல நோக்கந்தான்.

அதில் ஜி.பி.எஸ்.ஸும் இல்லை, சிம் கார்டும் இல்லை. புளூடூத் என்னும் மெல்லிய ரேடியோக் குரலில் அது தன் அடையாளத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அருகில் போகும் யாரோ ஒருவருடைய ஐபோன் அதைக் கேட்டு, அந்த இடத்தை இன்டர்நெட் மூலம் வில்லைக்குச் சொந்தக்காரருக்கு அறிவித்துவிடும். போனை வைத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஊரிலுள்ள போன்களெல்லாம் தாம் அறியாமலே தூது செல்கின்றன.

சாவியைத் தேடப் பிறந்த வில்லை மனிதரைத் தேடவும் பயன்படும் என்பதைத் துஷ்டர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இவ்விதம் பின்தொடரப்பட்டதாக இரண்டு பெண்கள் கலிபோர்னியாவில் அந்தக் கம்பெனியின்மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். இதன் நடுவே, பரிகாரங்களும் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

யார் வைக்கிறார்கள்?

தேடத் தொடங்குமுன், கருவி இருந்தாலே அது சதி என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டில் பஸ், டாக்ஸி போன்ற பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இடங்காட்டும் கருவியும், ஆபத்துக் காலத்தில் அழுத்தும் பொத்தானும் இருக்க வேண்டுமென்று சர்க்கார் விதித்திருக்கிறார்கள். 2019-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் பதிவாகும் அத்தகைய புது வண்டிகளுக்கு இது கட்டாயம். முன்பு டாக்ஸியாக ஓடிய காரை நீங்கள் வாங்கியிருந்தால் அதில் அந்தக் கருவி மிச்சமிருக்கலாம். நாமே ஓட்டிச் செல்லும்படி வாடகைக்கு விடும் கார்களிலும், கம்பெனிக் கார்களிலும் கருவி வைப்பது சகஜம். பழைய சொந்தக்காரர் திருட்டுக்குப் பயந்து பொருத்தி, விற்கும்போது மறந்து போயிருக்கவும் கூடும்.

ஆனால் மறந்து போகாத ஆசாமிகளும் உண்டு. பழைய காரில் கருவியை ஒளித்து விற்றுவிட்டு, வாங்கியவர் வீடு வரை அதைத் தொடர்ந்து போய், கைவசம் வைத்திருக்கும் மாற்றுச் சாவியால் அதே வண்டியைத் திருடிச் செல்லும் தந்திரத்தைப் பற்றி நம் பத்திரிகைகளிலே செய்திகள் வந்திருக்கின்றன. ஆகையால் பழைய கார் வாங்குகிறவர்கள், இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குவதோடு, வண்டியை ஒருமுறை நன்றாகத் தேடிப் பார்ப்பதும் புத்திசாலித்தனம்.

எல்லாவற்றிலும் வேதனையானது வீட்டுக்குள்ளிருந்தே நீளும் கை. வண்டியின் சாவியும், அது நிற்கும் இடமும், அதைத் தொடச் சந்தேகத்துக்கு இடமில்லாத உரிமையும் யாருக்கு உண்டு என்று பார்த்தால், பெரும்பாலும் அது அந்நியராக இராது. மனைவி எங்கே போகிறாள் என்று கணவனும், பிரிந்துபோன மனைவி எங்கே குடியிருக்கிறாள் என்று முன்னாள் கணவனும் அறிய முயல்வது இதில்தான் அடங்கும். அடி உதைக்குப் பயந்து தாய் வீட்டுக்கோ, சிநேகிதி வீட்டுக்கோ போய் ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, வண்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பெட்டி உயிரைப் பற்றிய விஷயம்.

கண்ணும் கையும்

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் சொல்லாமலே நாம் போன இடங்கள் ஒருவருக்குத் தெரிந்திருக்கின்றன. எதிர்பாராத இடங்களில் அவர் எதிர்ப்படுகிறார். என்ன செய்வது?

முதலில், கடைகளில் விற்கும் துப்பறியும் யந்திரங்களுக்குப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். நல்ல டார்ச் லைட்டு, கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி, கையுறை, கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய பாய், ஒரு மணி நேரப் பொறுமை இவை போதும். வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டுமானால், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையவே கூடாது. ஜாக்கி நழுவினால் ஒற்றனைவிடப் பெரிய ஆபத்து. தெரிந்த மெக்கானிக்கின் வொர்க்‌ஷாப்பில் தூக்கி நிறுத்திப் பார்ப்பதே உசிதம்.

வெளிப்புறத்தில் ஒளித்து வைப்பவன் அவசரத்தில் இருக்கிறான். தெருவிலோ கார் நிறுத்தும் இடத்திலோ குனிந்து, சில விநாடிகளில் வேலையை முடித்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே அவன் கை எட்டக்கூடிய இடங்களையே முதலில் பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் மேலுள்ள மட்கார்டுகளின் உட்புறம், முன் பம்பர், பின் பம்பர் இவற்றின் பின்புறம், வண்டியின் இரு ஓரங்களிலும் ஓடும் இரும்புச் சட்டங்கள், பெட்ரோல் டாங்கின் பக்கம், அடியில் ஸ்டெப்னி தொங்கும் வண்டியானால் அதன் மேற்புறம் ஆகியவை முக்கியம். கண் புகாத இடத்தில் கையுறை அணிந்த விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். காந்தம் இரும்பில்தான் ஒட்டும்; பிளாஸ்டிக்கில் ஒட்டாது. என்ஜினுக்கும் புகைக் குழாய்க்கும் வெகு சமீபத்தில் சூடு அதிகமாகையால் பேட்டரி தாங்காது. அங்கே வைப்பது அபூர்வம்.

புழுதியும் ஒரு நல்ல சாட்சி. வண்டியின் அடிப்பாகம் முழுவதும் சேறும் தூசியும் படிந்திருக்க, ஒரே ஒரு பெட்டி மட்டும் புதிதாகப் பளபளத்தால் அது அண்மையில் வந்த விருந்தாளி. சுற்றிலும் சேறு இருக்க, ஓரிடத்தில் மட்டும் விரலால் துடைத்தாற்போல் இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

அடுத்தபடியாக வண்டியின் உட்புறம். சீட்டுகளின் அடி, சீட்டு உறையின் மடிப்பு, முன் சீட்டுகளின் முதுகிலுள்ள பை, தரைவிரிப்பின் அடி, டாஷ்போர்டிலுள்ள சாமான் பெட்டியின் உள்ளும் பின்னும், தலை சாய்க்கும் திண்டு, டிக்கியின் விரிப்பு, ஸ்டெப்னி வைத்திருக்கும் பள்ளம், முதலுதவிப் பெட்டி, கருவிப் பை இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். புளூடூத் வில்லை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சந்தான் பெரிது என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவதாக, மின்சாரத்தைத் திருடும் இனத்தைத் தேட வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு எதிரே, 16 முனைகள் கொண்ட ஒரு துளைப் பலகை இருக்கும். வண்டியின் நோய் என்னவென்று கம்ப்யூட்டர் மூலம் அறிய மெக்கானிக் உபயோகிக்கும் 'ஓ.பி.டி.' என்ற இடம் அது. சாதாரணமாக அதில் ஒன்றும் செருகியிருக்காது. ஏதேனும் செருகியிருந்தால், நீங்களாகச் செருகியதா என்று யோசியுங்கள். அதில் மாட்டும் கருவிக்குக் கம்பியும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

பிறகு பேட்டரியையும் ப்யூஸ் பாக்ஸையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் போட்ட கம்பிகள் ஒழுங்காகக் கட்டுக் கட்டாகச் சுற்றப்பட்டு, அளவெடுத்த பாதையில் ஓடும். பின்னால் சேர்த்தவை தனியே பிரிந்து, டேப் சுற்றிய முறுக்கு முடிச்சுடன், வேறு நிறத்தில் தெரியும். அப்படி ஒரு கம்பி தென்பட்டால் அது எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்து பாருங்கள். அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். மியூசிக் சிஸ்டம், பின்புறக் காமிரா, எச்சரிக்கை மணி இவற்றின் கம்பியாகவும் இருக்கலாம். விபத்துக் காலத்தில் விரியும் காற்றுப் பையின் கம்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறமாக இருக்கும். அவற்றைத் தொடவே கூடாது. இந்தப் பகுதிக்கு நம்பிக்கையான எலெக்ட்ரீஷியன் ஒருவரின் துணை அவசியம்.

ஒரு சிறு யோசனை: வண்டி சர்வீஸுக்குப் போகும்போது, அடிப்பாகத்தையும், பேட்டரிப் பக்கத்தையும், டாஷ்போர்டின் கீழ்ப்புறத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகம் எழும்போது பழைய படத்தையும் புதியதையும் ஒப்பிட்டால், கூடுதலாக வந்தது எது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

யந்திரத்தின் துணை

ரேடியோ அலைகளைக் கண்டு சப்தமிடும் சிறு கருவிகள் விற்கின்றன. அவற்றுக்கும் பிரயோஜனம் உண்டு; ஆனால் வரம்பும் உண்டு. ஒற்றன் பேசும்போதுதான் அவை கண்டுபிடிக்கும். வண்டி நின்றிருந்தால் பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பல ஒற்றர்கள் தூங்கிவிடுகிறார்கள். வண்டி அசைந்தால்தான் விழிப்பார்கள். ஆகையால் ஒருவர் நிதானமாக ஓட்ட, மற்றொருவர் உள்ளே சோதிக்க வேண்டும். வண்டியிலுள்ள எல்லாச் செல்போன்களையும் அணைத்துவிட வேண்டும். வழியில் டவரோ, பக்கத்து வண்டியில் போனோ இருந்தாலும் கருவி கத்தும். செய்தி அனுப்பாமல் போன இடங்களையெல்லாம் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொண்டு, திரும்ப எடுக்கும்வரை மௌனமாக இருக்கும் ஒற்றனும் உண்டு. அவனிடம் இந்த யந்திரம் பலிக்காது. இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி எதற்கும் உதவாது, வண்டியே இரும்பாயிற்றே!

புளூடூத் வில்லைகளைப் பொறுத்தமட்டில் நம் செல்போனே நல்ல துப்பறிவாளர். அந்நிய ஏர்டேக் ஒன்று நம்முடனேயே பயணம் செய்தால், அதை ஐபோன் தானாகவே எச்சரிக்கும். 2023-ஆம் வருஷம் ஜூலை முதல் கூகிள் கம்பெனியாரும் ஆண்ட்ராய்டு போன்களில் இத்தகைய எச்சரிக்கையை ஏற்படுத்தினார்கள். 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் இரு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு பொது முறையை அமலுக்குக் கொண்டுவந்தன. எந்த இனப் போனாக இருந்தாலும், அந்த முறையைப் பின்பற்றும் எந்த இன வில்லையையும் கண்டு சொல்லும். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசர உதவி என்ற பகுதிக்குப் போய், நாமாகவே அப்போதே தேடச் சொல்லவும் முடியும். இதற்குப் போனில் புளூடூத் திறந்திருக்க வேண்டும்.

சொந்தக்காரரை விட்டு நெடுநேரம் பிரிந்திருக்கும் ஏர்டேக் தானே கூவும்படியும் செய்திருக்கிறார்கள். முதலில் மூன்று நாட்களுக்குப் பிறகு கூவிக்கொண்டிருந்தது. 2021-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்தக் கெடுவை 8 முதல் 24 மணி நேரமாகக் குறைத்தார்கள். ஆனால் வாய் அடைக்கப்பட்ட வில்லைகளும் நடமாடுகின்றன. எனவே, சப்தம் இல்லையென்பதால் வில்லை இல்லையென்று தீர்மானிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதையாக நம் தேடல் ஆகிவிடக் கூடாது. வண்டியைத் தலைகீழாகப் புரட்டியும் ஒன்றும் அகப்படாவிட்டால், நம் சட்டைப் பையிலுள்ள செல்போனைப் பார்க்க வேண்டும். எப்போதோ ஒரு பிரயாணத்தின்போது நம் இருப்பிடத்தை மற்றவருடன் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நம் போனின் பாஸ்வேர்டு மற்றவருக்குத் தெரிந்திருக்கலாம். புது மாதிரிக் கார்கள் பல, தொழிற்சாலையிலிருந்தே சிம் கார்டுடன் வருகின்றன. எங்கே நிற்கின்றன என்பதைச் சொந்தக்காரரின் போனுக்குச் சொல்கின்றன. அத்தகைய காரைப் பழையதாக வாங்கியவர், முந்தைய சொந்தக்காரரின் கணக்கை நீக்கித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், விற்றவருடைய போன் இன்னமும் வண்டியைக் கண்காணித்துக்கொண்டிருக்கும். அங்கே ஒளித்து வைத்த பெட்டி எதுவும் இல்லை.

கண்டுபிடித்த பிறகு

தேடிய பொருள் கிடைத்ததும் கோபத்தில் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிடத் தோன்றும். அது சரியன்று. முதலில், அது இருந்த நிலையிலேயே பல படங்கள் எடுங்கள். தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். கருவியின் மேலுள்ள எண்ணும் உள்ளேயுள்ள சிம் கார்டும், அதை வாங்கியவர் யார் என்று போலீஸார் அறியத் துணை செய்யும். ஏர்டேக்காக இருந்தால் அதன் வெள்ளைப் பக்கத்தைச் செல்போனின் அருகில் காட்டினால், அதன் வரிசை எண்ணையும், சொந்தக்காரருடைய டெலிபோன் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களையும் அறியலாம்.

ஆபத்தை எதிர்பார்த்து அஞ்சியிருக்கும் பெண்ணுக்கு ஓர் எச்சரிக்கை விசேஷமாகச் சொல்ல வேண்டும். கருவியை எடுத்த அக்கணமே, ஏவியவனுக்கு விஷயம் தெரிந்துபோகும். அவன் ஆத்திரம் மூளலாம். ஆகவே எடுப்பதற்கு முன் பாதுகாப்பான இடத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வண்டியை நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போவது நல்லது. மறைவாகத் தங்கியிருக்கும் வீட்டுக்கு அதை ஓட்டிப் போகக் கூடாது. சொந்தப் போனிலும் சந்தேகம் இருந்தால், வேறொருவருடைய போனிலிருந்து பேசுவது உத்தமம். அவசரத்துக்கு 112, பெண்களின் உதவிக்கு 181 என்ற நம்பர்கள் இருக்கின்றன.

நம் சட்டத்தில், ஒரு பெண்ணை அவள் விருப்பமின்மையைத் தெரிவித்த பின்னும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது 2013-ஆம் வருஷம் முதல் தனிக் குற்றம். 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதையில் அது 78-ஆவது பிரிவு. முதல் முறைக்கு மூன்று வருஷம் வரையிலும், மறுமுறைக்கு ஐந்து வருஷம் வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கலாம்.

வண்டிக்குள் ஒளிந்த கான்ஸ்டபிள்

தனி மனிதர் செய்தால் குற்றம், சர்க்கார் செய்தால்? இந்தக் கேள்வி அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. வாஷிங்டன் நகரில் இரவு விடுதி நடத்திய ஜோன்ஸ் என்பவர் போதைப் பொருள் வியாபாரம் செய்வதாகப் போலீஸார் சந்தேகித்தனர். அவர் மனைவியின் பெயரில் இருந்த வண்டியில் கருவி வைக்கக் கோர்ட்டில் வாரண்டு வாங்கினார்கள். பத்து நாட்களுக்குள், வாஷிங்டன் எல்லைக்குள் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர்களோ பதினோராம் நாள், பக்கத்து மேரிலாந்து மாகாணத்தில் வைத்தார்கள். 28 நாட்கள் தொடர்ந்தார்கள். நடுவில் பேட்டரி தீர்ந்துபோக, மறுபடி ஒருமுறை போய் மாற்றிவிட்டும் வந்தார்கள். (மூன்றாவது தேவை எப்.பி.ஐ.யையும் விடவில்லை!) சேர்ந்த விவரம் 2,000 பக்கங்களுக்கு மேல்.

2012-ஆம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக, இது அரசியல் சட்டத்தில் சொல்லிய சோதனையே ஆகும் என்று தீர்மானித்தார்கள். காரணம் சொல்வதில்தான் வேற்றுமை. ஸ்காலியா என்ற நீதிபதி, பிறர் வண்டியில் ஒரு பொருளைக் கொண்டுபோய் ஒட்டியதே அத்துமீறல் என்றார். அலிட்டோ என்ற நீதிபதி, வெகு நாள் கண்காணித்ததுதான் குற்றம் என்று கருதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்கு உவமை தேடினால், ஒரு கான்ஸ்டபிள் சாரட்டு வண்டிக்குள் பல நாட்கள் ஒளிந்துகொண்டு பயணம் செய்ததாகக் கற்பனை செய்ய வேண்டும். அதற்கு வண்டி ராட்சத அளவாகவோ, கான்ஸ்டபிள் மிகக் குள்ளனாகவோ இருந்தாக வேண்டும் என்று அவர் வேடிக்கையாகவும் எழுதினார். சோட்டோமயர் என்ற பெண் நீதிபதி எழுதிய குறிப்பு எல்லாவற்றிலும் சிந்திக்கத்தக்கது. ஒருவர் எந்த வைத்தியரிடம் போகிறார், எந்த வக்கீலைப் பார்க்கிறார், எந்தக் கோயிலில் தொழுகிறார், எந்தச் சங்கத்தின் கூட்டத்துக்குச் செல்கிறார் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் வெளிப்பட்டுவிடும் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

நம் தேசத்திலும், 2017-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் புட்டஸ்வாமி வழக்கில், அந்தரங்கம் என்பது ஒவ்வொரு பிரஜைக்கும் உள்ள அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜாமீனில் விடப்பட்டவர் தம் இருப்பிடம் போலீஸாருக்கு எப்போதும் தெரியும்படி செல்போன் வரைபடத்தில் குறி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை, 2024-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி அதே கோர்ட்டு செல்லாது என்று நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டென்றால், குற்றம் எதுவும் இல்லாத குடும்ப ஸ்திரீக்கு அது இல்லாமல் போகுமா?

அன்பின் பெயரால்

இதைப் படிக்கும் தகப்பனார் ஒருவர், "புதிதாக லைசென்சு வாங்கிய என் பையனின் வண்டியில் நான் கருவி வைத்தால் அதுவும் பாவமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பையனைக் கூப்பிட்டு, "அப்பா! வண்டியில் இதை வைத்திருக்கிறேன், வழியில் எங்கேயாவது வண்டி நின்றுவிட்டால் உன்னைத் தேடி வருவதற்கு உதவும்" என்று காட்டிச் சொல்லிவிட்டு வைத்தால் அது காவல். அவனுக்குத் தெரியாமல் சீட்டின் அடியில் செருகினால் அது ஒற்று. இரண்டுக்கும் கருவி ஒன்றுதான். என்றைக்காவது பையன் அதைக் கண்டெடுப்பான். அன்று வண்டி போன வழி தகப்பனாருக்குத் தெரிந்திருக்கும். பையனின் மனம் போன வழி தெரியாமல் போய்விடும். கணவன் மனைவி விஷயத்திலும் இப்படியே.

சொந்த வண்டியில் ஏறி, விரும்பிய இடத்துக்குப் போய், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் திரும்பி வருவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அதை இழந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சாண்டா கிளாரா மாணவர் தம் ஒற்றனைத் தற்செயலாகவே கண்டார். நாமும் தற்செயலை நம்பியிருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வண்டி சர்வீஸுக்குப் போகும்போது, மெக்கானிக் அதைத் தூக்கி நிறுத்தியதும், டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு நீங்களும் ஒருமுறை அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலும் சேறும் துருவுந்தான் தென்படும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம்.